புலம்பல் நூலும் பழைய எபிரேய மரபும்

புலம்பல், எபிரேய வேதாகமத்திலுள்ள ஐந்து இரங்கற்பாக்களின் தொகுப்பு. கி.மு. 586 அளவில் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமையும் அதன் ஆலயத்தையும் அழித்ததைப் பாடுகிறது. எபிரேய மூலத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. எரேமியா தீர்க்கதரிசி பாடியதாகக் கிரேக்க மொழிபெயர்ப்பின் முன்னுரை சொல்கிறது.

இறந்தவருக்கான ஒப்பாரியே இப்பாடல்களின் வேர். சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடியது (2 சாமுவேல் 1) அவ்வகையில் பழையது. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் தீர்க்கதரிசி, உயிரோடிருந்த இஸ்ரவேலையே விழுந்துகிடக்கும் கன்னியாக எண்ணி ஒப்பாரி வைத்தார் (ஆமோஸ் 5:1-2). முற்பாதி நீண்டு பிற்பாதி குறுகும் ஒப்பாரி அடியமைப்பு புலம்பலின் பெரும்பகுதியில் ஒலிக்கிறது. அதை 1882இல் விளக்கிக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் கார்ல் புட்டே.

நூலின் மிகக் கடுமையான வரிகளுக்குப் பின்னால் உபாகமம் 28ஆம் அதிகாரம் நிற்கிறது. கடவுளோடான உடன்படிக்கையை மீறினால் அந்நியன் தலையாவான், முற்றுகையில் பெற்றோர் தம் பிள்ளைகளையே உண்பார்கள் என்று அது எச்சரித்தது. புலம்பலில் பகைவர் தலையாகிவிட்டார்கள் (1:5). இரக்கமுள்ள பெண்களே தம் குழந்தைகளைச் சமைத்தார்கள் (4:10). சாபம் பலித்ததென்று கவிஞர் தலைகுனிகிறார். ஆனால் அதோடு அடங்கிவிடவில்லை. யாருக்கு இப்படிச் செய்தீர், பாரும் என்று கடவுளையே நேருக்கு நேர் கேட்கிறார் (2:20). இந்நூலின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அம்மோனியரும் மோவாபியரும் சபைக்குள் வரலாகாது என்ற சட்டத்தையும் (உபாகமம் 23:3) அவர் மறக்கவில்லை: வரக்கூடாதென்று நீர் விலக்கியவர்களே உமது ஆலயத்துக்குள் நுழைந்தார்களே என்கிறார் (1:10).

சீயோனை, அதாவது எருசலேமை, போற்றிய 48, 50ஆம் சங்கீதங்களின் புகழுரைகள் இங்கே வழிப்போக்கர்களின் ஏளனமாகத் திரும்பி வருகின்றன (2:15). மூன்றாம் பாடலில் துளிர்க்கும் நம்பிக்கையும் பழைய சொத்துதான்: மோசேக்கு அறிவிக்கப்பட்ட இறையிரக்கத்தின் மொழி (யாத்திராகமம் 34:6) அங்கே மறுபடி கேட்கிறது (3:22).

முதல் நான்கு பாடல்களும் எபிரேயத்தின் 22 எழுத்துகளை வரிசையாகத் தொடர்பவை. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வசனமாக 66. ஐந்தாவதில் 22 வசனங்கள் உண்டு, அகரவரிசை இல்லை.

தேற்றுவார் இல்லை என்று முதல் பாடல் மீண்டும் மீண்டும் முறையிடுகிறது. ஏசாயா 40ஆம் அதிகாரம் தேற்றும்படி கட்டளையிட்டே தொடங்குவதை அதற்கான மறுமொழியாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். யூதர்கள் ஆவ் மாதம் 9ஆம் நாள் உண்ணாநோன்பிருந்து புலம்பலை வாசிக்கிறார்கள். அடுத்து வரும் ஓய்வுநாளில் ஏசாயா 40 வாசிக்கப்படுகிறது.