மின்னடுப்பும் மூன்று அறிஞர்களும்

மின்னடுப்பு சூடேற மறுக்கும்போது நம்மில் பெரும்பாலோர் அதனை வீட்டில் நேரும் சிறு தொல்லையாகவே கருதுகிறோம். பழுது பார்ப்பவரை அழைக்கிறோம். அத்துடன் அதனை மறந்தும் விடுகிறோம். ஆயினும், அச்சிறு தொல்லைக்குப் பின்னே ஏறத்தாழ 80 ஆண்டுக்கால விஞ்ஞான வரலாறு அடங்கிக் கிடக்கிறது. வரலாற்றை அறிந்தவர்க்குப் பழுதும் எளிதில் விளங்கும். ஆதலின் இரண்டையும் ஒருங்கே வைத்துப் பேச விரும்புகிறேன்.

ஜெர்மனியில் கோலோன் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தவர் ஜார்ஜ் சைமன் ஓம். மின்னழுத்தம் மிகுந்தால் ஓட்டம் மிகும், தடை மிகுந்தால் ஓட்டம் குறையும் என்னும் விதியை அவர் 1827இல் நூலாக வெளியிட்டார். இன்று பள்ளி மாணவரும் கூறும் இவ்வுண்மைக்கு அன்று அவர் நாட்டில் தக்க வரவேற்புக் கிட்டவில்லை. அவர் தம் ஆசிரியப் பணியையும் துறந்தார். 1841இல் இலண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்த பின்னரே உலகம் அவரை மதித்தது. 1881இல் பாரிஸில் கூடிய மின்னியலார் மாநாடு தடையின் அலகுக்கு அவர் பெயரையே சூட்டியது. அப்போது அவர் மறைந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1841இல், இங்கிலாந்தில் சால்போர்டு நகரத்து மதுவடிப்பாலை உரிமையாளரின் மகனான ஜேம்ஸ் ஜூல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கம்பிச்சுருளை நீரில் அமிழ்த்தி, மின்சாரம் செலுத்தி, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அவர் அளந்தார். வெப்பம் தடையின் அளவுக்கு ஏற்பவும், மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பவும் மிகுகிறது என்று கண்டார். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும்.

விதி கிடைத்துவிட்டது, ஆனால் அடுப்பு கிடைக்கவில்லை. 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் மின்சாரச் சமையலறை மக்களுக்குக் காட்டப்பட்டது. எனினும் அது வீடுதோறும் பரவவில்லை. செந்தழலாகக் காய்ந்த இரும்புக் கம்பி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி விரைவில் அரிக்கப்பட்டு அறுந்தது. பிளாட்டினம் தாங்கும், ஆனால் அதன் விலையை யார் தாங்குவார்?

இவ்விடர்ப்பாட்டைத் தீர்த்தவர் அமெரிக்கர் ஆல்பர்ட் மார்ஷ். நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகக் கலவைக்கு அவர் 1906இல் காப்புரிமை பெற்றார். நிக்ரோம் என வழங்கும் இக்கலவையில் பெரும்பாலும் நூற்றுக்கு 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் இருக்கும். அதன் தடை செம்பினுடையதைப் போல் 60 மடங்குக்கு மேற்பட்டது. சூடேறியதும் அதன்மேல் மெல்லிய குரோமிய ஆக்சைடுப் படலம் படிந்து, உள்ளிருக்கும் உலோகத்தைக் காற்றினின்றும் காக்கிறது.

இனி, நம் அடுப்புக்கு வருவோம். முதலில், அதே பிளக்குத் துளையில் நன்றாக எரியும் விளக்கொன்றைப் பொருத்திப் பாருங்கள். விளக்கு எரியவில்லையெனில் குற்றம் அடுப்பினுடையதன்று. பியூஸிலோ வீட்டுக் கம்பியிலோ உள்ளது. விளக்கு எரிந்தால், அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அது முற்றிலும் ஆறிய பின் சோதியுங்கள்.

சுருள் அறுந்துள்ளதா என்பதை ஓமின் பெயர் தாங்கிய கருவியே கூறும். 230 வோல்ட்டில் 1000 வாட் கொள்ளும் அடுப்பின் சுருளுக்கு ஏறத்தாழ 53 ஓம் தடை இருத்தல் வேண்டும். குளிர்ந்த நிலையில் சற்றுக் குறையலாம். கருவி எல்லையற்ற தடையைக் காட்டினால் சுருள் அறுந்தது என்பது உறுதி.

சுருள் முழுமையாக இருந்தும் அடுப்பு சூடேறவில்லையெனில், கம்பி முனைகளையும் சுவிட்சையும் நோக்குங்கள். திருகு தளர்ந்த இடத்தில் தடை மிகும். ஜூலின் விதிப்படி அங்கேயே வெப்பம் பிறந்து முனை கருகும். அடுப்பைச் சூடாக்கும் விதியேதான் அடுப்பைக் கெடுக்கவும் செய்கிறது.

அறுந்த சுருளின் இரு முனைகளையும் முறுக்கி இணைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது நல்லதன்று. சுருளின் நீளம் குறைவதால் தடை குறைந்து ஓட்டம் மிகுகிறது. இணைப்பிலோ வெப்பம் அளவு மீறி, அவ்விடமே மீண்டும் அறுகிறது. அதே வாட் அளவுள்ள புதுச் சுருளை மாற்றுவதே முறை.

ஒன்றை வற்புறுத்திக் கூறுவேன். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று எண்ணித் திறந்த சுருளைத் தொடாதீர்கள். சுவிட்சு தவறான கம்பியில் அமைந்திருப்பின், அணைத்த பின்னும் சுருளில் மின்சாரம் நிற்கும். பாத்திரமோ கரண்டியோ சுருளில் பட்டால் உயிருக்கே இடர். பிளக்கைப் பிடுங்குவது ஒரு நொடி வேலை. அதனைச் சோம்பலால் விட்டவர் உயிரிழந்ததுண்டு.

பாடநூலில் படிக்கும் விதி தேர்வுக்கு மட்டும் உரியதன்று. ஓம் தம் பணியைத் துறந்தும் கைவிடாத உண்மை, இன்று நம் வீட்டு அடுப்பின் பழுதை உரைக்கிறது. நம் உயிரையும் காக்கிறது. மாணவர்கள் விதிகளை இவ்வாறு வாழ்க்கையோடு பொருத்திக் கற்க வேண்டும் என்பதே என் விருப்பம்.