உத்திரமேரூர் ஏரியும் கல்பாக்கம் நீராவியும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆனால் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தையும் சொல்கின்றன. பள்ளிப் பாடத்தில் அதற்கு ஒரு வரிதான்! மழை இலவசம், கரையைக் காப்பதும் தூர் வாருவதும்தான் செலவு.

2019 வரை இதே மாவட்டத்தில் இருந்த கல்பாக்கத்தில் கணக்கே வேறு. அங்கே அணுமின் நிலையத்தோடு பாபா அணு ஆராய்ச்சி மையம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை இணைத்தது. சவ்வில் வடிகட்டும் பகுதி 2002-ல் வந்தது. தினம் 18 லட்சம் லிட்டர். நீராவியால் காய்ச்சி வடிக்கும் பகுதி பிறகு வந்தது. 45 லட்சம் லிட்டர்.

ஏன் மின் நிலையத்தோடு? காய்ச்சுவதற்கென்றே எரிபொருள் வாங்கினால் கட்டுப்படியாகாது. டர்பைனில் பாதி வேலை முடித்து அழுத்தம் குறைந்த நீராவியில் கொஞ்சம் எடுத்தால் போதும். கதிரியக்கம் கலக்காமலிருக்க இடையில் தனி வெப்பப் பரிமாற்றி உண்டு. கடல்நீரை உள்ளே இழுக்கும் வசதியும் ஏற்கெனவே இருக்கிறது. இதை "இலவச வெப்பம்" என்பது மட்டும் சரியல்ல. அந்த நீராவி அடுத்த டர்பைனையும் சுற்றியிருந்தால் மின்சாரம் கிடைத்திருக்கும். இழந்த யூனிட்டின் விலை தண்ணீரின் விலையில் ஏறுகிறது.

சென்னைக்காக மீஞ்சூரிலும் (2010) நெம்மேலியிலும் (2013) வந்த தினம் 10 கோடி லிட்டர் ஆலைகள் சவ்வு முறையையே எடுத்துக்கொண்டன. அதற்கு மின்சாரம் போதும், நீராவி வேண்டாம். மீஞ்சூர் ஒப்பந்த விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசாக இருந்தது. ஒரு கிலோ அரிசி விளைய 2,000 லிட்டர் என்று வைத்தாலும் தண்ணீருக்கே 97 ரூபாய். உத்திரமேரூர் நெல்லுக்கு ஏரிதான் கதி.