லேப்டாப் ஓட்டும் ரயில்... உங்கள் வீட்டு மேஜையில் ஒரு கணியம்பாடி ஸ்டேஷன்!

காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் பாசஞ்சரில் ஏறியிருக்கிறீர்களா? வேலூர் கன்டோன்மென்ட், கணியம்பாடி, கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர் என்று போகும் ஒற்றைப் பாதை அது. எதிரே ஒரு வண்டி வந்தால், நம் வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நின்றுவிடும். ''கிராஸிங்குப்பா, பத்து நிமிஷம் ஆகும்'' என்று பக்கத்து சீட் பெரியவர் சொல்வார். எதிர் வண்டி கடந்து போனதும் பாயின்ட் மாறும், சிக்னல் விழும், நம் வண்டி நகரும்.

இதே காட்சியை உங்கள் வீட்டு மேஜையில் நடத்தலாம். ஸ்டேஷன் மாஸ்டர் வேலையை உங்கள் லேப்டாப் பார்த்துக்கொள்ளும். இன்ஜின் டிரைவர் வேலையை உங்கள் மொபைலே பார்க்கும். 'ஜெர்மனிக்காரன் பண்ற காஸ்ட்லி ஹாபி ஆச்சே' என்று தள்ளிப்போகாதீர்கள். இன்ஜினும் தண்டவாளமும் இறக்குமதி என்பதால் விலை கடிக்கத்தான் செய்யும். ஆனால், கம்ப்யூட்டரோடு இணைக்கும் பகுதியைக் கம்மி செலவில் நீங்களே செய்துகொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஒரே தண்டவாளம், பல இன்ஜின்

பழைய பொம்மை ரயிலில் ஒரு சிக்கல் உண்டு. தண்டவாளத்தில் கரன்ட்டைக் கூட்டினால் மேலே நிற்கிற எல்லா இன்ஜினும் வேகமாக ஓடும், குறைத்தால் எல்லாமே மெதுவாகும். ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஓட்ட வேண்டுமென்றால், தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஏகப்பட்ட சுவிட்ச் போட வேண்டும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல், சுருக்கமாக டிசிசி. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் 1980-களின் கடைசியில் உருவாக்கிய முறை இது. அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ, 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரு கம்பெனி இன்ஜின் இன்னொரு கம்பெனி கன்ட்ரோலரிலும் ஓடும்.

வேலூர் பஸ் ஸ்டாண்ட் மைக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு எல்லோர் காதிலும் விழுகிறது. ஆனால் ''திருவண்ணாமலை வண்டி'' என்றதும் அந்த ஊருக்குப் போகிறவர் மட்டும்தான் எழுந்திரிக்கிறார். டிசிசி-யும் அப்படித்தான். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். அதன் திசை படுவேகமாக மாறி மாறி, கட்டளைகளைச் சுமந்து செல்லும். ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி என்றால் அது 1, சுமார் 100 மைக்ரோ விநாடி என்றால் அது 0. இப்படி ஒரு நொடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகள் போகும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் 'டீகோடர்' என்ற சின்ன சர்க்யூட் இருக்கிறது. தன் எண் வந்தால் மட்டும் அது கேட்கும்.

புது இன்ஜின்கள் பொதுவாக 3 என்ற எண்ணோடுதான் வரும். இரண்டு புது இன்ஜினை ஒன்றாக வைத்து ஓட்டினால் ரெண்டும் கிளம்பிவிடும். பயந்துவிடாதீர்கள், ஒன்றுக்கு எண்ணை மாற்றினால் போதும்.

கம்ப்யூட்டர் எங்கே வருகிறது?

பலர் குழம்பும் இடம் இதுதான். லேப்டாப் நேரடியாகத் தண்டவாளத்தோடு பேசாது. நடுவில் 'கமாண்ட் ஸ்டேஷன்' என்று ஒரு பெட்டி வேண்டும். லேப்டாப் யூஎஸ்பி வழியாக, ''3-ம் நம்பர் இன்ஜின், வேகம் 40, முன்னால் போ'' என்று சொல்லும். அதை டிசிசி மின்துடிப்பாக மாற்றி, பலம் கூட்டி தண்டவாளத்துக்கு அனுப்புவது கமாண்ட் ஸ்டேஷனின் வேலை. லேப்டாப் மூளை என்றால் அது தொண்டை. யூஎஸ்பி வயரை எக்காரணம் கொண்டும் தண்டவாளத்தில் சேர்க்கக் கூடாது. போர்ட் போய்விடும்.

'போன்லயே ஓட்டலாமே, லேப்டாப் எதுக்கு?' என்று கேட்கலாம். வட்டமாக ஓட்டுவதற்குப் போன் போதும். ஆனால் இன்ஜினின் உள் அமைப்பை மாற்ற, ஸ்டேஷன் வரைபடத்தைத் திரையில் போட்டு பாயின்ட்டை விரலால் திருப்ப, கிராஸிங்கைத் தானாக நடத்த லேப்டாப்தான் வசதி. புதுசு வேண்டாம், வீட்டில் தூங்கும் பழைய லேப்டாப்பே போதும்.

இலவச மென்பொருளும் ஒரு கோர்ட் கேஸும்

நமக்குத் தேவையான மென்பொருளின் பெயர் ஜேஎம்ஆர்ஐ. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், முழுக்க இலவசம். ஆரம்பித்தவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் பாப் ஜேகப்சன். பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை அவரைக் கோர்ட் வரை கொண்டுபோனது.

இதே துறையில் மென்பொருள் விற்றுவந்த மேத்யூ கட்ஸரின் நிறுவனம், 'எங்கள் காப்புரிமையை மீறுகிறீர்கள்' என்று சொல்லி, இலவசமாகக் கொடுத்த மென்பொருளுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் கேட்டது. ஜேகப்சன் பணியவில்லை, 2006-ல் வழக்குப் போட்டார். அந்த நிறுவனமே ஜேஎம்ஆர்ஐ-யின் ஃபைல்களைப் பெயர்கூடப் போடாமல் பயன்படுத்தியது என்ற குற்றச்சாட்டும் வழக்கில் சேர்ந்தது. 'இலவசம்னு கொடுத்ததுக்கு நிபந்தனை போட முடியுமா?' என்பதுதான் கேள்வி. 2008 ஆகஸ்டில் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றம், ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் நிபந்தனையை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகும் என்று சொன்னது. 2010-ல் சமரசம் ஆனது.

இன்று ஓப்பன் சோர்ஸ் சட்டம் படிப்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தாண்டிப் போக முடியாது. அடுத்தமுறை ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் ஆப்பை இறக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: அதை எழுதியவருக்கு இருக்கிற சட்டப் பாதுகாப்பில் ஒரு பொம்மை ரயிலுக்கும் பங்கு உண்டு.

என்னென்ன வாங்கணும்?

பிராண்டட் கமாண்ட் ஸ்டேஷன்கள் விலை கூடியவை. அதற்கு மாற்று, டிசிசி-இஎக்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டம். கிரெக் பெர்மன் என்பவர் 2015-ல் வெளியிட்ட டிசிசி++ தான் இதற்கு ஆரம்பம். நீங்கள் வாங்க வேண்டியவை:

• ஆர்டுயினோ மெகா 2560 போர்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் கிடைக்கும்.
• எல்298 சிப் வைத்த ஆர்டுயினோ மோட்டார் ஷீல்டு. ஒவ்வொரு சேனலும் 2 ஆம்பியர் வரை தாங்கும், இரண்டு மூன்று இன்ஜினுக்குத் தாராளம்.
• 14 அல்லது 15 வோல்ட், 2 ஆம்பியருக்குக் குறையாத டிசி அடாப்டர். இது தண்டவாளத்துக்கு. ஆர்டுயினோவுக்கு லேப்டாப் யூஎஸ்பியே மின்சாரம் தரும்.
• டீகோடர் உள்ள இன்ஜின். பெட்டியில் 'டிசிசி ரெடி' என்று போட்டிருந்தால் டீகோடர் மாட்ட சாக்கெட் மட்டும்தான் இருக்கும், டீகோடரைத் தனியாக வாங்க வேண்டும். 'டிசிசி ஃபிட்டட்' என்றால் உள்ளேயே இருக்கிறது. ஆர்டர் போடும் முன் இதைப் பார்க்காமல் ஏமாந்தவர்கள் நிறைய.

அளவு விஷயத்தில் ஹெச்ஓ ஸ்கேல், அதாவது 87-ல் ஒரு பங்கு, எளிதாகக் கிடைக்கும். அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் ஊர் அகல ரயில் பாதை 1,676 மில்லிமீட்டர், 87-ல் வகுத்தால் 19.3 வரும். ஆக, கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் நம் வண்டி ஓடும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. விழுப்புரம் பாதை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். அந்தக் காலத்தைச் செய்ய ஆசைப்பட்டால் 12 மில்லிமீட்டர் பாதை சரியாக இருக்கும். ஐசிஎஃப் பெட்டி ஒன்று இந்த அளவில் சுமார் 24.5 சென்டிமீட்டர் வரும். இன்ஜினும் நான்கு பெட்டியும் சேர்ந்தால் ஒன்றேகால் மீட்டர். லூப் லைன் அதைவிட நீளமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாலை மெயின் லைனில் நீட்டிக்கொண்டு நிற்கும்!

நம்ம பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் வசதி. மரப்பலகையில் நேராகத் தண்டவாளம் போட்டால் சத்தம் காதைக் கிழிக்கும். கீழே மெத்தென்று ஏதாவது வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால், இன்சோலுக்கு வெட்டி மிஞ்சிய ஃபோம் ஷீட் துண்டு கிடைக்குமா என்று கேளுங்கள். 3 அல்லது 5 மில்லிமீட்டர் தடிமன் போதும்.

இணைக்கலாமா?

1. மோட்டார் ஷீல்டை ஆர்டுயினோ மேல் உட்கார வைக்கும் முன், ஷீல்டில் 'வின்' என்று எழுதிய முள்ளை வெளிப்பக்கம் மடக்கிவிடுங்கள். இல்லையென்றால் தண்டவாளத்துக்கு வரும் 15 வோல்ட் கீழே ஆர்டுயினோவுக்கும் இறங்கி, போர்டைச் சுட்டுவிடும். லேப்டாப்புக்கும் ஆபத்து. இந்த ஒரு படியை மட்டும் தவறவிடாதீர்கள்.

2. டிசிசி-இஎக்ஸ் தளத்தில் இருக்கும் இன்ஸ்டாலரை இறக்கி, ஆர்டுயினோவை யூஎஸ்பியில் செருகி, மெகா போர்டையும் உங்கள் மோட்டார் ஷீல்டையும் தேர்வு செய்யுங்கள். ஒரு வரி கோட் எழுத வேண்டாம், அதுவே ஏற்றிவிடும்.

3. ஷீல்டின் 'ஏ' முனைகளை ஓட்டும் தண்டவாளத்துக்கும், 'பி' முனைகளைத் தனியாக ஒரு துண்டுத் தண்டவாளத்துக்கும் கொடுங்கள். அந்தத் துண்டுதான் 'புரோகிராமிங் டிராக்'. இன்ஜின் எண்ணை மாற்றுவது அங்கேதான். டீகோடர் அங்கே 6 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் கூடுதல் கரன்ட் இழுத்து, 'சரி, புரிஞ்சுது' என்று தலையாட்டும்.

4. லேப்டாப்பில் முதலில் ஜாவா, பிறகு ஜேஎம்ஆர்ஐ. முதல் தடவை திறந்ததும் என்ன சிஸ்டம் என்று கேட்கும். டிசிசி++ அல்லது டிசிசி-இஎக்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்து, சீரியல் போர்ட்டைக் காட்டுங்கள். வேகம் 115200.

5. பவர் பட்டனை ஆன் செய்து, த்ராட்டில் ஜன்னலைத் திறந்து, 3 என்று அடித்து, ஸ்லைடரை மெதுவாக நகர்த்துங்கள். இன்ஜின் நகர்ந்துவிட்டால், முக்கால்வாசி வேலை முடிந்தது.

6. ஜேஎம்ஆர்ஐ-யில் 'வைத்ராட்டில் சர்வர்' என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்து, போனையும் அதே வைஃபையில் சேர்த்து, ஆண்ட்ராய்டில் 'இன்ஜின் டிரைவர்' என்ற இலவச ஆப்பைத் திறந்தால் உங்கள் போனே த்ராட்டில். தம்பி ஒரு வண்டி, நீங்கள் ஒரு வண்டி!

வேலை செய்யலைன்னா?

போர்ட்டே தெரியவில்லையா? முதலில் கேபிளை மாற்றுங்கள். முதல் தடவை நான் இதைச் செய்தபோது ஒரு மணி நேரம் லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், நான் செருகியது சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள். அதில் டேட்டா வயரே கிடையாது. கேபிள் சரியென்றால், குறைந்த விலை ஆர்டுயினோக்களுக்கு சிஹெச்340 டிரைவர் தேவைப்படலாம்.

போர்ட் தெரிகிறது, ஆனால் ஜேஎம்ஆர்ஐ இணையவில்லையா? ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டரோ, இன்ஸ்டாலரோ பின்னால் திறந்திருக்கும். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். அதை மூடிவிடுங்கள்.

எல்லாம் சரி, இன்ஜின் திக்கித் திக்கி ஓடுகிறதா? மென்பொருளில் தேடாதீர்கள். தண்டவாளத்தில் தூசி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள்.

டீகோடர் இல்லாத பழைய இன்ஜினை டிசிசி தண்டவாளத்தில் வைக்க வேண்டாம். மோட்டார் ரீங்காரம் போட்டுச் சூடாகி எரிந்துவிடும்.

இனிதான் கிராஸிங்!

ஜேஎம்ஆர்ஐ-யின் பேனல்புரோவில் மெயின் லைன், லூப் லைன், இரண்டு முனையிலும் பாயின்ட் என்று உங்கள் ஸ்டேஷனை வரையுங்கள். பாயின்ட்டைத் திருப்ப சின்ன சர்வோ மோட்டார், வண்டி வந்துவிட்டதா என்று பார்க்க இன்ஃப்ராரெட் சென்சார். பிறகு விதி எழுதுங்கள்: 'லூப்பில் வண்டி முழுசாக நின்றுவிட்டதா? பாயின்ட் மெயினுக்குத் திரும்பிவிட்டதா? அப்படியானால் மட்டும் எதிர் வண்டிக்குப் பச்சை.'

கவனித்தீர்களா? பாயின்ட் சரியாக இல்லாதபோது சிக்னல் பச்சையாகவே முடியாது. நிஜ ரயில்வேயில் இதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். ரயில்வேயின் சிக்னல் பிரிவு இன்று கம்ப்யூட்டர் வைத்துச் செய்வதும் இதே தர்க்கம்தான், பல மடங்கு பாதுகாப்போடு. எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறவர்களுக்கு இதைவிடச் சுவாரஸ்யமான ப்ராஜெக்ட் கிடைக்காது. தப்பாக விதி எழுதினால் இரண்டு வண்டியும் மேஜையிலேயே முட்டிக்கொள்ளும். தப்பு எங்கே என்று தேடும்போதுதான், நிஜத்தில் அந்தச் சிவப்பு விளக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைக்கும்.

பெரிய லேஅவுட் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றால், புனே கோத்ரூட்டில் ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் இருக்கிறது. பெரம்பூர் ஐசிஎஃப் பக்கத்திலிருக்கும் சென்னை ரயில் மியூசியத்திலும் மாடல் ரயில்களைப் பார்க்கலாம். ஆரம்பிக்க அவ்வளவு பெரிதெல்லாம் வேண்டாம். ஒரு பலகை, ஒரு வட்டம், ஒரு இன்ஜின், ஒரு பழைய லேப்டாப் போதும். இந்த மாதம் ஆர்டுயினோவை வாங்கி இணைத்துப் பாருங்கள். இன்ஜினை அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தமுறை பாசஞ்சர் கிராஸிங்குக்கு நிற்கும்போது, பக்கத்து சீட் பெரியவருக்கு அது ஏன் நிற்கிறது என்று நீங்களே விளக்கிச் சொல்வீர்கள்!