தீப்பொறி சென்ற பாதை

பழைய மோட்டார் வண்டியைப் பேணும் ரசிகர் ஒருவர் ஸ்பார்க் பிளக் வயரைத் தேர்ந்தெடுக்க முற்படும்போது, ஒரு நூற்றாண்டுச் சரித்திரத்தையே கையில் எடுக்கிறார் என்பது மிகையன்று. 1902-ல் ஜெர்மனியின் போஷ் தொழிற்சாலையில் கோட்லோப் ஹோனோல்ட், தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பிறப்பிக்கும் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவை உருவாக்கிய பின்னர், ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைக் கசியவிடாமல் பிளக்கிற்குக் கொண்டு சேர்ப்பது பிரதானமான பிரச்சினையாயிற்று. ஒஹாயோ மாகாணத்து வாரன் நகரில் பாக்கார்ட் சகோதரர்கள் 1890-ல் ஸ்தாபித்த மின்சாரக் கம்பெனி இவ்வகை வயர்களால் பிரசித்தி பெற்று, 1932-ல் ஜெனரல் மோட்டார்ஸின் வசமாயிற்று.

அக்கால வயரின் நடுவே செம்பு இழைகள், சுற்றிலும் ரப்பர், அதன்மேல் வார்னிஷ் பூசிய பருத்திப் பின்னல், விரலால் தடவினால் நெசவின் சொரசொரப்புத் தட்டுப்படும். எண்ணெயும் உஷ்ணமும் ரப்பரை வெடிக்கச் செய்தபின், ஈரம் படிந்த இருளில் எஞ்சினைக் கிளப்பினால், வயர் நெடுக நீலப்பொறி ஊர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

செம்பு வயர் வானொலியில் இரைச்சலை எழுப்பியதால், 1950-களில் கார்பன் ஊட்டிய நூலிழை வயர்களும், பிற்காலத்தில் சிலிக்கோன் உறைக்குள் மெல்லிய உலோகக் கம்பியைச் சுருளாகச் சுற்றிய வயர்களும் வழக்கிற்கு வந்தன. ஆதலால் பூர்வ ரூபத்தைக் காக்க விரும்புவோர் பருத்திப் பின்னலையும், நெடும்பயணத்தை விரும்புவோர் சுருள் வயரையும் நாடுவது உசிதம். எதுவாயினும், வயரின் பருமனைவிட உறையின் தரமே பொறியைக் காப்பது என்பதே இச்சரித்திரம் நமக்குப் புகட்டும் பாடம்.