சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ்: நரம்பு மண்டலம்

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பது மண்ணிலும் அழுகும் பழங்களிலும் இலைதழைகளிலும் பாக்டீரியாவைத் தின்று வாழும் உருளைப்புழு. முழு வளர்ச்சியடைந்த புழு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். இதன் உடல் கண்ணாடிபோல ஒளி ஊடுருவக்கூடியது. வளர்ந்த இருபால் புழுவின் உடலில் இனப்பெருக்கச் செல்கள் நீங்கலாக 959 செல்கள் உள்ளன. அவற்றில் 302 நரம்பணுக்கள். முழு நரம்பு மண்டலத்துக்கும் இணைப்பு வரைபடம் தயாரிக்கப்பட்ட முதல் விலங்கு இதுவே. ஒரு நரம்பணு எந்தத் தாய்ச்செல்லிலிருந்து பிறந்தது, எவ்வழியே இழையை நீட்டியது, எந்தச் செல்களுடன் இணைந்தது, அது இல்லாவிட்டால் புழுவின் நடத்தையில் எது கெடும் என்ற நான்கு கேள்விகளையும் ஒரே விலங்கில், ஒரே செல்லைச் சுட்டிக்காட்டிக் கேட்க முடிகிறது. நரம்பியலில் இப்புழு பெற்றுள்ள இடத்துக்கு அதுவே காரணம்.

ஆய்வு வரலாறு

டி.என்.ஏ.வின் அமைப்பு தெரிந்து, மரபணுக் குறியீடும் வாசிக்கப்பட்டுவந்த காலத்தில், உயிரியலின் அடுத்த பெரிய கேள்விகள் உடல் வளர்ச்சியும் நரம்பு மண்டலமுமே என்று சிட்னி பிரென்னர் கருதினார். கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1963-இல் மாக்ஸ் பெருட்ஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்த ஆய்வுத் திட்டத்தை முன்வைத்தார். சில நாட்களில் ஒரு தலைமுறையை முடித்துவிடும் இப்புழுவைத் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி எளிதாக வளர்க்கலாம். இருபால் புழு தன்னைத் தானே கருவுறச் செய்துகொள்வதால், உடல் அசைவே பழுதான புழுவிடமிருந்தும் வாரிசுகள் கிடைக்கும். 1974-இல் பிரென்னர் வெளியிட்ட கட்டுரை, நெளிந்து செல்ல முடியாத புழுக்கள் உட்பட நூற்றுக்கணக்கான பிறழ்வு வகைகளை விவரித்தது.

ஜான் சல்ஸ்டன் நுண்ணோக்கியின் கீழ் உயிருள்ள புழுவைப் பார்த்தபடி செல் பிளவுகளைப் பின்தொடர்ந்தார். பிறந்த பின் நடக்கும் பிளவுகளை அவரும் ராபர்ட் ஹார்விட்ஸும் 1977-இல் வெளியிட்டனர். கருமுட்டை முதல் முழு வம்சாவளியும் 1983-இல் நிறைவு பெற்றது. இதே காலத்தில் ஜான் வைட், எலீன் சவுத்கேட், நிக்கல் தாம்சன் ஆகியோர் பிரென்னருடன் சேர்ந்து இணைப்புகளை வரைந்தனர். தாம்சன் புழுவை மிக மெல்லிய ஆயிரக்கணக்கான சீவல்களாக வெட்டினார். ஒவ்வொரு சீவலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கப்பட்டது. ஒரு படத்தில் புள்ளியாகத் தெரியும் நரம்பிழையை அடுத்த படத்தில் அடையாளம் கண்டு, கையால் எண்ணிட்டு, மறுமுனை வரை தொடர்ந்தார்கள். 1986-இல் வெளிவந்த அந்த ஆய்வு சுமார் 340 பக்கம் நீண்டது. 302 நரம்பணுக்களை 118 வகைகளாகப் பிரித்து, ஏறத்தாழ 5,000 வேதிவழி இணைப்புகளையும், 2,000 நரம்பு-தசை இணைப்புகளையும், 600 மின்வழி இணைப்புகளையும் அது பதிவு செய்தது. பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவரும் 2002-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

அமைப்பு

பெரும்பாலான நரம்பணுக்களின் உடல்கள் தலையில் குவிந்துள்ளன. அவற்றின் இழைகள் தொண்டைக் குழாயைச் சுற்றி நரம்பு வளையமாகப் பின்னியுள்ளன. மூளை என்று சொல்லத்தக்கது இந்த வளையமே. அங்கிருந்து வயிற்றுப்புறத்தில் ஒரு நரம்புத் தண்டும் முதுகுப்புறத்தில் ஒரு தண்டும் வால் வரை ஓடுகின்றன. தொண்டைக்குள் இருக்கும் 20 நரம்பணுக்கள் தனி மண்டலமாக இயங்கி, உணவை உள்ளிழுக்கும் துடிப்பைக் கவனிக்கின்றன.

முதுகெலும்பிகளில் நரம்பிழை தசையைத் தேடிச் செல்லும். இப்புழுவிலோ தசைச் செல்தான் மெல்லிய கரத்தை நீட்டி, நரம்புத் தண்டை எட்டிப் பிடித்து அங்கே இணைகிறது. மற்றொரு வேறுபாடு மின் குறிகையில் உள்ளது. முதுகெலும்பி நரம்புகளில் திடீர் மின்துடிப்பை உண்டாக்கும் சோடியம் வாயில்கள் இப்புழுவின் மரபுத்தொகுதியில் இல்லை. பெரும்பாலான நரம்பணுக்களில் மின்னழுத்தம் படிப்படியாகவே ஏறி இறங்குகிறது. கால்சியத்தைக் கொண்டு மின்துடிப்பை எழுப்பும் நரம்பணுக்களும் உண்டு என்று 2018-இல் தெரியவந்தது.

நரம்பணுக்களின் பிறப்பு

இருபால் புழு உருவாகும்போது 1,090 உடற்செல்கள் பிறக்கின்றன. அவற்றில் 131 செல்கள் குறித்த இடத்தில், குறித்த வேளையில் இறந்துவிடுகின்றன. இறப்பவற்றில் 105 நரம்பணுவாக வேண்டிய செல்கள். இந்த இறப்பை ஹார்விட்ஸின் குழு மரபணு வழியே ஆராய்ந்தது. சிஇடி-3, சிஇடி-4 என்ற மரபணுக்கள் பழுதானால் இறக்க வேண்டிய செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. சிஇடி-3 ஆக்கும் புரதத்தின் உறவினங்கள் மனித உடலிலும் செல் இறப்பை நடத்துகின்றன என்று பின்னர் தெரிந்தது.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவுக்கு 222 நரம்பணுக்கள் இருக்கும். மீதி 80 வளர்ச்சியின்போது சேர்கின்றன. பிறந்த செல் எந்த வகை நரம்பணு ஆக வேண்டும் என்பதை மரபணுக்களை இயக்கும் புரதங்கள் தீர்மானிக்கின்றன. தொடுவுணர் நரம்பணு இதற்கு நல்ல சான்று. யூஎன்சி-86 என்ற புரதம் எம்இசி-3 மரபணுவை இயக்குகிறது. பிறகு இரண்டும் சேர்ந்து, தொடுதலை மின் குறிகையாக மாற்றும் வாயிற்புரதம் போன்றவற்றை ஆக்கும் மரபணுக்களை இயக்குகின்றன. எம்இசி-3 இல்லாத புழுவில் அந்தச் செல் பிறக்கும். ஆனால் தொடுதலை உணராது.

இவ்வளவு கறாரான வம்சாவளியிலும் தற்செயலுக்கு இடமுண்டு. மணம் உணரும் ஏடபிள்யூசி என்ற நரம்பணு இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக உள்ளது. கருப்பருவத்தில் இரண்டும் ஒன்றோடொன்று குறிகை பரிமாறிக்கொண்டு, ஒன்று ஒரு வகை ஏற்பியையும் மற்றது வேறு வகையையும் கைக்கொள்கின்றன. எந்தப் பக்கத்துக்கு எது என்பது புழுவுக்குப் புழு மாறுகிறது.

வழியும் இணைப்பும்

நீளும் நரம்பிழை தன் வழியை அறிவது எப்படி என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடைகளில் ஒன்று இப்புழுவிலிருந்து வந்தது. எட்வர்ட் ஹெட்ஜ்காக், ஜோசப் குலோட்டி, டேவிட் ஹால் ஆகியோர் 1990-இல் மூன்று மரபணுக்களின் வேலையை விளக்கினர். யூஎன்சி-6 புரதம் வயிற்றுப்புறச் செல்களிலிருந்து சுரக்கிறது. யூஎன்சி-40 ஏற்பியைத் தாங்கிய இழைகள் அதை நோக்கி ஈர்க்கப்படுகின்றன. யூஎன்சி-5 ஏற்பியும் உள்ள இழைகள் அதிலிருந்து விலகி முதுகுப்புறம் செல்கின்றன. ஒரே வழிகாட்டி, படிக்கும் ஏற்பியைப் பொறுத்து இரு எதிர்த்திசைகளைக் காட்டுகிறது. இதன் உறவுப் புரதங்களான நெட்ரின்கள் முதுகெலும்பிகளின் தண்டுவடத்திலும் இதே வேலையைச் செய்கின்றன.

உருவான இணைப்புகள் அப்படியே நிலைப்பதும் இல்லை. வயிற்றுப்புறத் தண்டில் உள்ள 6 டிடி நரம்பணுக்கள் இளம்புழுவில் வயிற்றுப்புறத் தசைகளை அடக்குகின்றன. முதல் இளம்பருவம் முடியும் நேரத்தில் 13 விடி நரம்பணுக்கள் புதிதாகப் பிறந்து அந்த வேலையை ஏற்கின்றன. டிடி நரம்பணுக்களோ தங்கள் இழையின் வடிவத்தை மாற்றாமலே வயிற்றுப்புற இணைப்புகளைக் கலைத்து, முதுகுப்புறத்தில் புதியவற்றை அமைக்கின்றன. இந்த மாற்றத்தின் வேளையைக் குறிப்பது லின்-14 என்ற மரபணு. அதைக் கட்டுப்படுத்தும் லின்-4 பற்றிய ஆய்வில்தான் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் 1993-இல் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைக் கண்டறிந்தனர். அதற்காக 2024-இல் நோபல் பரிசு பெற்றனர்.

வெவ்வேறு வயதில் இருந்த எட்டுப் புழுக்களின் மூளையை முழுமையாக வரைந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பிறந்த புழுவின் மூளையில் சுமார் 1,300 ஆக இருந்த இணைப்புகள், வளர்ந்த புழுவில் சுமார் 8,000 ஆகப் பெருகியிருந்தன. ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட புழுக்களுக்கிடையேயும் இணைப்புகளில் வேறுபாடுகள் காணப்பட்டன.

நடத்தை

தொடுதல்: ஆய்வாளர் புருவமயிர் ஒன்றைக் குச்சியின் நுனியில் ஒட்டி, புழுவின் தலைப்பக்கத்தை மெதுவாக வருடினால் அது பின்வாங்கும், வால்பக்கத்தை வருடினால் முன்னோக்கி விரையும். மார்ட்டின் சால்ஃபியும் சக ஆய்வாளர்களும் லேசர் கதிரால் ஒவ்வொரு நரம்பணுவாக அழித்து, இந்தச் சுற்றை 1985-இல் விளக்கினர். முன்பக்கத் தொடுவுணர் நரம்பணுக்கள் ஏவிஏ, ஏவிடி போன்ற இடைநரம்பணுக்கள் வழியே பின்னோக்கிய நெளிவைத் தொடங்குகின்றன. பின்பக்கத்தவை ஏவிபி, பிவிசி வழியே முன்னோக்கிய நெளிவைத் தொடங்குகின்றன. ஒளிரும் பச்சைப் புரதத்தை உயிருள்ள புழுவின் இதே தொடுவுணர் நரம்பணுக்களில் ஒளிரச் செய்து சால்ஃபி 1994-இல் காட்டினார். 2008-இன் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

நெளிதல்: உடலின் ஒரு பக்கத் தசை சுருங்கும்போது எதிர்ப்பக்கத் தசை தளர வேண்டும். சுருக்கத்தை அசிட்டைல்கோலினும் தளர்ச்சியை காபா என்ற கடத்தியும் ஏற்படுத்துகின்றன. காபா இல்லாத பிறழ்வுப் புழுவைத் தொட்டால் இரு பக்கமும் ஒருசேர இறுகி, அது நகராமல் குட்டையாகச் சுருங்குகிறது.

மணம்: வெண்ணெய் மணமுள்ள டைஅசிட்டைலை நோக்கிப் புழு ஊர்ந்து செல்லும். ஏடபிள்யூஏ நரம்பணுவில் உள்ள ஓடிஆர்-10 என்ற ஏற்பி அதை உணர்கிறது. கோர்னீலியா பார்க்மனின் ஆய்வகம் 1997-இல், விலகலைத் தூண்டும் ஏடபிள்யூபி நரம்பணுவில் மட்டும் அதே ஏற்பியை அமைத்தது. அந்தப் புழுக்கள் டைஅசிட்டைலை விட்டு விலகி ஓடின. மணத்தின் பொருள் ஏற்பியில் இல்லை, அதைத் தாங்கும் நரம்பணு யாரோடு இணைந்துள்ளது என்பதில் இருக்கிறது என்று இச்சோதனை தெளிவாக நிறுவியது.

முட்டையிடல்: எச்எஸ்என் என்ற இணை நரம்பணுக்கள் கருவின் வால்பகுதியில் பிறந்து நடுவுடலுக்கு நகர்கின்றன. செரட்டோனினைச் சுரந்து முட்டையிடும் தசைகளைத் தூண்டுகின்றன. ஆண் புழுவில் இவை இறந்துவிடும். இஜிஎல்-1 மரபணுவின் சில பிறழ்வுகளில் இருபால் புழுவிலும் இவை இறக்கின்றன. அப்போது முட்டைகள் தாயின் உடலிலேயே தங்கி, உள்ளேயே பொரிந்துவிடுகின்றன. மரபணுவில் ஒரு மாற்றம், இரண்டு செல்களின் இறப்பு, ஒரு நடத்தையின் இழப்பு என்ற சங்கிலி இங்கே கண்ணி விடாமல் தெரிகிறது.

உறக்கம்: தோலுரிக்கும் பருவங்களில் புழு அசைவற்று உறங்கும். ரிஸ் என்ற ஒற்றை நரம்பணு இதற்கு இன்றியமையாதது.

வரைபடத்துக்கு அப்பால்

வரைபடம் கிடைத்தும் நடத்தையை அதிலிருந்து நேராகக் கணித்துவிட முடியவில்லை. ஒரே இணைப்புகளிலிருந்து வெவ்வேறு நடத்தைகள் பிறப்பதே காரணம். நன்றாகத் தின்ற புழு பாக்டீரியாப் படலத்தைத் தொட்டதும் டோபமினின் தூண்டலால் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். பசித்த புழுவோ செரட்டோனினின் தூண்டலால் கிட்டத்தட்ட நின்றேவிடும். புழுவின் நரம்பணுக்கள் ஏராளமான நரம்புப் பெப்டைடுகளையும் சுரக்கின்றன. அவை இணைப்பே இல்லாத செல்களையும் பரவிச் சென்று எட்டுகின்றன. 2023-இல் வந்த ஓர் ஆய்வு, நரம்பணுக்களை ஒவ்வொன்றாக ஒளியால் தூண்டி, மற்றவற்றின் மறுமொழியை 23,000-க்கும் மேற்பட்ட இணைகளில் அளந்தது. அளந்து கண்ட குறிகைப் பரவல் இணைப்பு வரைபடத்திலிருந்து பல இடங்களில் வேறுபட்டது. இந்த வேறுபாட்டில் பெப்டைடு போன்ற இணைப்பு சாராக் குறிகைகளுக்கும் பங்கிருந்தது.

பாலினமும் இணைப்புகளை மாற்றுகிறது. ஆணின் நரம்பு மண்டலம் ஏறத்தாழ 385 நரம்பணுக்களைக் கொண்டது. கூடுதலானவற்றில் பெரும்பாலானவை வாலில் இருந்து இணைசேர்தலை நடத்துகின்றன. ஆணின் தலையில் உள்ள எம்சிஎம் என்ற இரு நரம்பணுக்கள், முழு வளர்ச்சியடைந்த தாங்கு செல்கள் பிளவுபடுவதால் பிறக்கின்றன என்று 2015-இல் கண்டறியப்பட்டது.

பிற விலங்குகளுடன் ஒப்பீடு

வளர்ந்த பழ ஈயின் முழு மூளைக்கான வரைபடம் 2024-இல் வெளியானது. அதில் சுமார் 1,39,000 நரம்பணுக்கள் உள்ளன. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி. இந்த அளவில் ஒவ்வொரு செல்லுக்கும் தனிப் பெயரும் மாறாத வம்சாவளியும் இருக்க வழியில்லை. முதுகெலும்பிகளில் செல் வகைகளும் மூளைப் பகுதிகளுமே ஆய்வின் அலகுகள். அனுபவமும் அங்கே இணைப்புகளை மிக அதிகமாக மாற்றுகிறது. ஆயினும் நெட்ரினும், செல் இறப்பு மரபணுக்களும், அசிட்டைல்கோலின், காபா, டோபமின், செரட்டோனின் ஆகிய கடத்திகளும் இரு தரப்புக்கும் பொதுவானவை. இப்புழு கற்பித்த பாடமும் பொதுவானதே: இணைப்புகள் எந்தெந்த நடத்தைகளுக்கு வாய்ப்பு உண்டு என்பதை வரையறுக்கின்றன, அவற்றில் எது இப்போது நிகழும் என்பதை உடலின் நிலையும் சுரக்கும் வேதிப்பொருட்களும் தேர்கின்றன. ஆகவே பெரிய மூளைகளின் வரைபடங்களைத் தயாரிக்கும் ஆய்வாளர்கள், செல்லின் செயல்பாட்டையும் வேதிக் குறிகைகளையும் அவற்றோடு சேர்த்தே அளக்க வேண்டியிருக்கிறது.