மஞ்சள் வளையமும் கிருமியும்: பீன்ஸ் ஒளிவட்டக் கருகல் நோய் ஆய்வின் வரலாறு (1926–2005)

முன்னுரை

ஒளிவட்டக் கருகல் கண்ட பீன்ஸ் இலையில் முதலில் குண்டூசித் தலையளவில், நீர் கோத்ததுபோன்ற புள்ளி தெரியும். சில நாட்களில் புள்ளி பழுப்பேறிக் காய, அதைச் சுற்றி வெளிர்மஞ்சள் வளையம் விரியும். பாக்டீரியா பெருகுவது நடுப்புள்ளியில்தான். வளையத்தில் அது இல்லை, அல்லது மிகக் குறைவு. கிருமியே எட்டாத திசு ஏன் வெளுக்கிறது? இந்நோயின் உடலியல் ஆய்வு பெரிதும் இக்கேள்வியைப் பற்றியே வளர்ந்தது. வளையத்துக்கான காரணமும் நோய்க்கான காரணமும் ஒன்றல்ல என்பதே அவ்வரலாறு காட்டும் முடிவு.

நஞ்சு

பீன்ஸில் பாக்டீரியாக் கருகல் ஒன்றை எர்வின் ஸ்மித் 1897இல் விவரித்திருந்தார். அதிலிருந்து வேறுபட்டதாக ஒளிவட்டக் கருகலைப் பிரித்துக் காட்டியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பர்க்ஹோல்டர் (1926). இன்று அதன் கிருமிக்குச் சூடோமோனாஸ் சவஸ்டனோய், பாசியோலிகோலா வகை என்று பெயர்.

நோயுற்ற இலையில் ஆர்னிதின் என்ற அமினோ அமிலம் தேங்குவது 1960களில் தெரியவந்தது. சுரேஷ் பாட்டீலும் உடனாய்வாளர்களும் 1970களின் தொடக்கத்தில் இதன் காரணத்தைக் கண்டனர். கிருமி சுரக்கும் நஞ்சு, ஆர்னிதினைச் சிட்ருலினாக மாற்றும் நொதியை முடக்குகிறது. சிட்ருலினிலிருந்து உண்டாக வேண்டிய ஆர்ஜினின் அதனால் கிடைப்பதில்லை. பச்சையம் உருவாவது தடைப்பட்டு இலை வெளுக்கிறது. நஞ்சூட்டிய இலைக்கு ஆர்ஜினினோ சிட்ருலினோ கொடுத்தால் வெளுப்பு தணிவது இவ்விளக்கத்தை உறுதிசெய்தது.

பாசியோலோடாக்சின் எனப்படும் இந்நஞ்சின் அமைப்பை நியூசிலாந்தின் ஆர். ஈ. மிட்செல் 1976இல் வெளியிட்டார். 1984இல் அது திருத்தப்பட்டது. நஞ்சு 18–20 டிகிரி செல்சியஸில் நன்கு சுரக்கும். 28 டிகிரியில் ஏறக்குறைய நின்றுவிடும். குளிர்ந்த பருவத்தில் வளையம் பளிச்செனத் தெரிவதற்கு இதுவே காரணம். தன் நஞ்சு தன்னையே தாக்காதிருக்க, அதற்கு மசியாத வேறொரு நொதியையும் இக்கிருமி வைத்திருக்கிறது.

நஞ்சுக்கு அப்பால்

நஞ்சு சுரக்காத திரிபுகள் ஆராயப்பட்டபோது படம் மாறியது. அவையும் இலைக்குள் பெருகி, நீர் கோத்த புள்ளிகளை உண்டாக்கின. வளையம் மட்டும் வரவில்லை. அப்படியானால் நோயுண்டாக்கும் திறன் வேறெங்கோ இருக்க வேண்டும். 1986இல் லிண்ட்கிரென், பீட், பனோபுலோஸ் மூவரும் இக்கிருமியில் ஒரு மரபணுத் தொகுதியை அடையாளம் கண்டனர். அது சிதைந்தால் பீன்ஸில் நோயும் வராது. நோய்க்கு ஆளாகாத பிற செடிகளில் செல்கள் உடனே மடியும் தற்காப்பு எதிர்வினையும் எழாது. கிருமியின் புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்தும் கருவியை இத்தொகுதி அமைப்பதாகப் பின்னர் தெளிவாயிற்று.

அப்புரதங்களில் ஒன்றைச் செடி இனங்கண்டுகொண்டால் எதிர்ப்பு பிறக்கும். கிருமி இதிலிருந்தும் தப்புகிறது. எதிர்ப்புள்ள பீன்ஸ் இலைகளில் தொடர்ந்து வளர்க்கப்பட்டபோது, அத்தகைய புரதத்துக்கான மரபணுவைச் சுமந்த டிஎன்ஏ பகுதியையே அது உதிர்த்துவிடுவதை 2005இல் வெளியான ஆய்வு காட்டியது.

முடிவுரை

வளையத்துக்கும் நோய்க்கும் காரணம் வேறு என்ற இவ்வேறுபாடு வயலுக்கும் பொருந்தும். விதைவழி பரவும் இந்நோயைக் கண்டறிய, நஞ்சுக்கான மரபணுக்களைத் தேடும் சோதனைகள் பயன்பட்டுவந்தன. ஸ்பெயினில் நஞ்சு சுரக்காத திரிபுகளே நோய்க்கு முக்கியக் காரணமாக இருப்பதையும், அவை அச்சோதனைகளில் சிக்காமல் போவதையும் 2003இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். ஆகவே விதைச் சான்றளிப்பில், நஞ்சை மட்டும் நம்பாமல் கிருமியையே தேடும் சோதனையும் இடம்பெற வேண்டும்.