வீட்டுக்கு ஓர் ஆள்



மலருக்கு நம்ம ஊர் வரலாறு ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். கோயிலைப் பற்றியும் கல்லணையைப் பற்றியும் எழுத ஆள் உண்டு. நான் வாய்க்கால் கரையைப் பற்றி எழுதுகிறேன்.

திருக்காட்டுப்பள்ளியில்தான் காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிறது. அதிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து கடைமடை வரை போகின்றன. தண்ணிக்கு அது கரை, நமக்கு அது பாதை. நாற்றுக்கட்டு போவதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும், பாடை போவதும் அதன்மேல்தான்.

அந்தக் கரையை யார் பார்த்துக்கொண்டார்கள்? என் அப்பாயி சொல்லும்: "ஆத்துல தண்ணி வர்றதுக்கு முன்னாடி தமுக்கு அடிச்சுச் சொல்லுவாங்க. வீட்டுக்கு ஓர் ஆள் மம்புட்டியோட வந்து நிக்கணும்." இதுதான் குடிமராமத்து. கூலி கிடையாது. காட்டாமணக்கை வெட்டி, தூர் வாரி, அந்த மண்ணையே கரையில் போட்டு மிதித்து இறுக்குவார்களாம். உடைப்பு எடுத்த இடத்தில் மூங்கில் முளை அடித்து, இடையில் தென்னமட்டையும் வைக்கோலும் திணித்து, அதற்குமேல் மண் கொட்டுவார்களாம்.

எல்லாரும் மனசாரத்தான் வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1858-ல் வெள்ளைக்காரன் இதற்கென்றே கட்டாய உழைப்புச் சட்டம் போட்டான். வழக்கப்படி வர வேண்டியவர் வரவில்லையென்றால், அந்த உழைப்பின் மதிப்பில் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். அப்பாயி இன்னொன்றும் சொல்லும்: "பெரிய வீட்டு ஆளுன்னு வந்தது அவுக இல்ல, அவுக பண்ணையாளு." அதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டில் ஆண்பிள்ளை இல்லாதவள் என்ன செய்வாள்? பிட்டுக்கு மண் சுமந்த கதை நமக்கெல்லாம் தெரியும். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் என்று மதுரையில் உத்தரவு. பிட்டு விற்ற வந்திக்கிழவிக்கு யாருமில்லை. அவளுக்காகச் சிவபெருமானே கூலியாளாக வந்து பிரம்படி பட்டார். சின்ன வயதில் இதைச் சாமி கதையாகக் கேட்டேன். இப்போது நினைத்தால், ஆளில்லாத ஒரு பொம்பளையின் கவலைதான் முதலில் தெரிகிறது.

1934-ல் மேட்டூர் அணை வந்தது. பிறகு மராமத்து மெல்ல மெல்லப் பொதுப்பணித்துறை வேலையாகிவிட்டது. 2017-ல் அரசு அதே குடிமராமத்து என்ற பெயரில் 100 கோடி ரூபாயில் திட்டம் தொடங்கியது. எங்கள் பக்கம் வேலை செய்தது பொக்லைன்தான். தூர் வாரியது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அள்ளிய மண்ணைக் குவியலாக விட்டுப் போனதில், நடக்கிற பாதை போய்விட்டது. மழைக்கு மண் சரிந்து பாதி திரும்ப வாய்க்காலுக்குள்ளேயே விழுந்தது.

நூறு நாள் வேலைச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று இருந்தது. தமிழ்நாட்டில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் நாம்தான் இருந்தோம். மண்வெட்டி நமக்குப் புதுசில்லை. ஆனால் எங்கள் கரை அந்த வருஷ வேலைப் பட்டியலில் வரவில்லை. இரண்டு தடவை மனு கொடுத்தோம். பிறகு குழுக் கூட்டத்தில் பேசி, நாமே போவோம் என்று தீர்மானம் எழுதினோம். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்குள் முடிக்க வேண்டும் என்று காலையில் வெயில் ஏறுமுன் வேலை. மண்ணைப் பரப்பி, சரிவில் வெட்டிவேர் வைத்து, மதகோரம் மணல் மூட்டை அடுக்கினோம். நாலு நாள் ஆனது. இரண்டு வீட்டுக்காரர்கள் "உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்டுவிட்டு மூன்றாம் நாள் அவர்களே வந்து மூட்டை தூக்கினார்கள்.

எங்கள் குழுவில் மூத்த உறுப்பினருக்கு முட்டி வலி, குனிய முடியாது. நாலு நாளும் நீர்மோர் கரைத்துக் கொண்டுவந்தார். வருகைப் பதிவில் அவர் பெயரையும் எழுதினேன். "மோர் ஊத்துனதுக்கெல்லாம் ஆள் கணக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த வீட்டில் வேறு ஆள் இல்லையே. எழுதியதை அடிக்கவில்லை.